எகிப்தின் படையெடுப்பு தற்காப்பா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பார்வோன்கள் அண்டை நாடுகளைச் சூறையாடினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் படித்தது வேறு. ஹிக்சோஸ்கள் என்ற அந்நியர்கள் வட எகிப்தை ஆண்டார்கள், அவர்களை விரட்டிய பிறகு மறுபடி அப்படி நடக்கக்கூடாது என்றுதான் எகிப்தியர்கள் எல்லை தாண்டினார்கள். அதைச் சூறையாடல் என்பது நியாயமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் படித்தது பாதி சரி. ஹிக்சோஸ்களை அவர்கள் தலைநகரான அவாரிஸிலிருந்து துரத்திய அரசன் அஹ்மோஸ், அத்தோடு நிற்காமல் பாலஸ்தீனத்தின் தெற்கே ஷாருஹென் நகரை மூன்று ஆண்டு முற்றுகையிட்டதைத் தற்காப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவுக்கு என்ன சொல்வீர்கள்? ஹிக்சோஸ்கள் தலையெடுப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பே, எகிப்திய அரசன் மூன்றாம் செனுஸ்ரெத் தெற்கே இறங்கி, நைல் பாறைகளுக்கு நடுவே குறுகி ஓடும் செம்னாவில் எல்லைக்கல் நட்டுவிட்டான். அவர்களுடைய பெண்களைப் பிடித்தேன், கிணறுகளுக்குப் போனேன், மாடுகளைக் கொன்றேன், பயிரை அறுத்துத் தீ வைத்தேன் என்று அந்தக் கல்லிலேயே பெருமையாக வெட்டி வைத்திருக்கிறான். நூபியாவில் தங்கம் இருந்தது, இன்னும் தெற்கிலிருந்து தந்தமும் கருங்காலியும் அந்த வழியாகத்தான் வந்தன. ஹிக்சோஸ்களுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

ஷாருஹெனில் சண்டையிட்ட ஒரு வீரனின் கல்லறை தெற்கு எகிப்தின் எல்-காபில் இருக்கிறது. அவன் பெயரும் அஹ்மோஸ்தான், ஈபானாவின் மகன். அவாரிஸில் ஓர் ஆணையும் மூன்று பெண்களையும் பிடித்தேன், அரசர் அவர்களை எனக்கே அடிமைகளாகக் கொடுத்தார் என்று கணக்குப்பிள்ளை போல எழுதி வைத்திருக்கிறான். பின்னால் வந்த அரசன் முதலாம் துத்மோஸ் நூபியாவை அடித்துவிட்டுத் திரும்பும்போது, கொல்லப்பட்ட நூபிய வில்லாளி ஒருவனைக் கப்பல் முகப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டதையும் அவன்தான் சொல்கிறான். வீரனுக்கு அடிமை, கோயிலுக்குத் தங்கம், அரசனுக்குப் புகழ். எல்லாருக்கும் பங்கு இருந்ததால்தான் படை ஆண்டுதோறும் கிளம்பியது என்பது என் எண்ணம்.

பாலஸ்தீனத்தின் வடக்கே இருந்த மெகிடோ நகரையே பாருங்கள். கி.மு. 1457 வாக்கில் அரசன் மூன்றாம் துத்மோஸ், தளபதிகள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ஆள் பின்னால் ஆளாகப் போக வேண்டிய அருனா கணவாய் வழியாகப் படையைக் கொண்டுபோய் அங்கே திரண்டிருந்த எதிரி அரசர்களைத் திகைக்க வைத்தான். துணிச்சல்தான், மறுக்கவில்லை. அப்புறம் நடந்ததைக் கர்னாக் கோயில் சுவரில் எகிப்தியர்களே எழுதியிருக்கிறார்கள்: தோற்று ஓடியவர்களை மதில் மேலிருந்தவர்கள் துணியைப் பிடித்துத் தூக்கி நகருக்குள் இழுத்துக்கொண்டிருந்தபோது, எகிப்திய வீரர்கள் நகரைத் தாக்காமல் எதிரியின் பாசறையைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் முற்றுகை ஏழு மாதம் இழுத்தது. கடைசியில் கிடைத்தவை 924 தேர்கள், 2,041 குதிரைகள், அதுபோக மெகிடோ வயல்களில் அறுத்த 207,300 மூட்டை கோதுமை. அந்த ஊர் அடுத்த ஆண்டு எதைச் சாப்பிட்டது என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை. பிற்பாடு இதே துத்மோஸ், இன்றைய லெபனான் கரையில் இருக்கும் பிப்லோஸ் பக்கம் படகுகள் செய்து, மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டுபோய் யூப்ரடீஸைக் கடந்தான். எகிப்திலிருந்து அவ்வளவு தூரம் போய் வட சிரியாவின் மித்தானி நாட்டைத் தாக்கியதும் எல்லைக்காவல்தானா?

சரி, பிடித்த ஊர்களையாவது காத்தார்களா? கி.மு. 14ஆம் நூற்றாண்டின் அமர்னா கடிதங்களைத் தேடிப் படியுங்கள், எகிப்துக்கு அடங்கிய சிற்றரசர்களும் பிற அரசர்களும் பார்வோனுக்குக் களிமண் பலகைகளில் எழுதியவை. பிப்லோஸின் சிற்றரசன் ரிப்-ஹத்தா மட்டும் சுமார் 60 கடிதம் எழுதியிருக்கிறான். வில்லாளிகளை அனுப்புங்கள், தானியம் அனுப்புங்கள், என் மக்கள் பிள்ளைகளை விற்றுச் சாப்பிடுகிறார்கள் என்று மன்றாடுகிறான். இவன் ஏன் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறான் என்று பார்வோன் சலித்துக்கொண்டதும் அவன் கடிதத்திலேயே இருக்கிறது. முடிவில் சொந்தத் தம்பியே அவனை ஊரைவிட்டுத் துரத்தினான். தற்காப்புக்காகப் பிடித்த நாடு என்றால், அங்கிருந்து இத்தனை கதறல் வந்தும் எகிப்து ஏன் அசையவில்லை என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.