குளிக்கும்போது தீப்பிடித்தால் ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு குடும்பங்கள். தீ வந்தால் தண்ணீர் தெளித்து அணைக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் ஒரே லைன். யாராவது குளிக்கும் நேரத்தில் தீப்பிடித்தால் தண்ணீர் போதாது, பெரிய பம்ப் வாங்குங்கள் என்கிறார் பம்ப் விற்கும் ஏஜென்ட். வாங்க வேண்டுமா?

பம்புக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

வீட்டு ஸ்பிரிங்க்ளர்களுக்கான அமெரிக்க விதிமுறை என்எஃப்பிஏ 13டி. அதன்படி இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவான குழாயில், ஸ்பிரிங்க்ளர் தேவையோடு, குளியல் போன்ற வீட்டு உபயோகத்துக்காக நிமிடத்துக்கு 19 லிட்டர் சேர்க்க வேண்டும். ஒரே குடும்பம் இருக்கும் வீட்டுக்கு இது கிடையாது. இரண்டு ஸ்பிரிங்க்ளர்கள் நிமிடத்துக்குத் தலா 49 லிட்டர் கேட்டால் 98 லிட்டர், பொதுக் குழாயில் 117. கூடியது ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் அதே குழாயில் உராய்வால் போகும் அழுத்தம் 40 சதவீதம் வரை ஏறிவிடும். பல வீடுகளில் குழாயை ஒரு சைஸ் பெரிதாக்கினாலே இது சரியாகிவிடும். பம்ப் விற்பவர் இதை ஏன் சொல்லப்போகிறார்?

இதில் ஒரு விலக்கு உண்டு. ஸ்பிரிங்க்ளர் ஓடத் தொடங்கியதும் வீட்டுக் குழாய்களுக்குப் போகும் இணைப்பைத் தானாகவே மூடும் வால்வு இருந்தால், அந்த 19 லிட்டரைச் சேர்க்க வேண்டாம். 'தானாகவே' என்பதைக் கவனியுங்கள். "தீ வந்தால் நீங்களே திருகி மூடிக்கொள்ளலாம்" என்று கைவால்வைக் காட்டுவார்கள். புகைக்குள் யார் போய்த் திருகுவது? அது கணக்கில் வராது. தானியங்கி வால்வும் வரைபடத்தில் இருந்தால் போதாது, குழாயில் இருக்க வேண்டும்.

அடுத்தது அழுத்தம். எல்லாக் குழாயையும் மூடிவைத்து, அழுத்தத்தை அளக்கும் கேஜைக் காட்டி "4 பார், அருமை" என்பார்கள். ஒரு வீட்டில் நானே பார்த்தேன்: பெரிய குழாயைத் திறந்ததும் முள் 2-க்கு இறங்கிவிட்டது. தண்ணீர் ஓடும்போது மிஞ்சும் அழுத்தம்தான் கணக்குக்கு வேண்டியது. அதைக் கேட்டால் நீர் வழங்கும் அலுவலகங்கள் மூடிய நிலை எண்ணையே நீட்டுகின்றன, வரைபடத்துக்கு ஒப்புதல் தருபவரும் படிவத்தின் கட்டத்தில் ஏதோ எண் இருந்தால் போதுமென்று முத்திரை குத்துகிறார். எத்தனை முறை சொல்லியும் இது மாறவில்லை.

அப்புறம், உப்புத்தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் வாட்டர் சாஃப்ட்னர். பொதுக் குழாயில் அதைப் பிற்பாடு மாட்டினால் அழுத்தம் அங்கேயே கொஞ்சம் போய்விடும். ஏற்கெனவே இருந்தாலும், மாட்டும் எண்ணம் இருந்தாலும், கணக்குப் போடுபவரிடம் இப்போதே சொல்லுங்கள். ஓடும் அழுத்தத்தையும் அந்த 19 லிட்டரையும் காட்டும் தாளைக் கையெழுத்தோடு வாங்குங்கள். அதற்குப் பிறகும் அழுத்தம் பற்றவில்லை என்றால், பம்ப் வாங்குவது நியாயம்.