பனியன் ஆர்டரும் பன்னாட்டு விவகாரமும்

கேள்வி: திருப்பூரில் பன்னிரண்டு பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) போட்டு, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறேன். பிளஸ் டூவில் வணிகவியல் முடித்த என் மகள், பன்னாட்டு விவகாரங்களில் பி.ஏ. படிக்க வேண்டும் என்கிறாள். பாடத்திட்டத்தில் கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் சட்டம், ஒரு வெளிநாட்டு மொழி என்று இருக்கிறது. எதிலும் ஆழம் இல்லாத படிப்பு, பேசாமல் பி.காம். சேர்த்துவிடு என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம், அம்மா?

– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் பவர் டேபிளுக்கே வருகிறேன். 2025 ஆகஸ்டில் பெரும்பாலான இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதில் பாதி, நாம் ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்கியதற்காக. உக்ரைனில் போர், திருப்பூரில் ஆர்டர் நின்றது. இடையில் இருக்கும் கண்ணிகளை எந்த ஒரு துறையும் தனியாக விளக்காது. எண்ணெய் அரசியல் தெரிந்தவருக்கு வரி அட்டவணை தெரியாது; கணக்குத் தெரிந்தவருக்கு, பங்களாதேஷ் சட்டை ஐரோப்பாவில் ஏன் வரியில்லாமல் நுழைகிறது என்பது தெரியாது. 2004 முடியும்வரை பணக்கார நாடுகள் துணி இறக்குமதிக்குக் கோட்டா (அளவு வரம்பு) வைத்திருந்ததை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வரலாறும் இதில் சேர்ந்ததுதான்.

நான் அரசியல் அறிவியல் மட்டுமே படித்து ஆசிரியை ஆனவள். 1991 டிசம்பரில் உலக வர்த்தக விதிகளுக்கான டங்கல் வரைவு வந்தபோது, விவசாயக் குடும்பத்து மாணவர்கள் மானியக் குறைப்பைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. பொருளாதாரத் துறைத் தோழியின் அருகில் ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டுதான் வகுப்புக்குப் போனேன். உங்கள் மகள் பதினெட்டு வயதிலேயே அதைக் கற்கப் போகிறாள் என்பதில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி.

ஆனால் உறவினர்களின் பயத்தைத் தள்ளிவிட மாட்டேன். இந்தப் பெயரில் நடக்கும் எல்லாப் படிப்பும் ஒன்றல்ல. முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919இல் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் வெளியுறவுக்கென்று ஒரு தனிக் கல்விப் பிரிவைத் தொடங்கியது. இளநிலையிலேயே பொருளாதாரமும் வரலாறும் அங்கே கட்டாயம். வெளிநாட்டு மொழி ஒன்றைப் பேசிக் காட்டித் தேற வேண்டும். நீங்கள் பார்க்கும் கல்லூரியிலும் இதையே தேடுங்கள். பொருளாதாரம் புள்ளியியலோடு குறைந்தது நான்கு பருவமாவது இருக்கிறதா? மொழி மூன்று ஆண்டும் தொடர்கிறதா? இந்த இரண்டும் இல்லையென்றால் அது செய்தித்தாள் வாசிப்புத்தான்; அதற்குக் கட்டணம் வேண்டாம். தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம் வரை போகிறது. அதற்காக மெஷின்களை அடகு வைக்காதீர்கள். நல்ல அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரமும், மாலையில் பிரெஞ்சோ ஜெர்மனோ படித்துவிட்டு, டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளியில் முதுநிலைக்கு முயல்வது எந்த விதத்திலும் குறைந்த வழியல்ல.

வேலை? இந்திய வெளியுறவுப் பணிக்கான குடிமைப் பணித் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம், பி.காம். உட்பட. இந்தப் பட்டத்துக்கென்று தனிச் சலுகை கிடையாது. ஆய்வு நிறுவனங்களில் பெரும்பாலும் முதுநிலை கேட்பார்கள். ஆகவே ஐந்தாண்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்களிடம் தைத்துப் போன ஒரு டி-ஷர்ட்டை மகளிடம் கொடுங்கள். அது அமெரிக்காவுக்குப் போனால் என்ன வரி, ஜெர்மனிக்குப் போனால் என்ன வரி, அதே சட்டை டாக்காவில் தைத்திருந்தால் என்ன வரி, ஏன் என்று ஒரு வாரத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்தபின் அவளிடம் இன்னும் கேள்விகள் மிச்சமிருந்தால் சேர்த்துவிடுங்கள். அவள் எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.