மூச்சுக்குழாய் சிலியா ரசாயனங்களை உணருமா?

மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளான சிலியாவின் வேலை சளியைத் தள்ளுவது மட்டும்தானா, ரசாயனங்களையும் உணருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உணரும்.

ஒரு செல்லில் சுமார் 200 சிலியா இருக்கும். ஒவ்வோர் இழையின் உள்ளேயும் டைனீன் என்ற புரதம், செல்லின் எரிபொருளான ஏடிபி தரும் ஆற்றலில், இழை நெடுக ஓடும் நுண்குழாய்களைச் சறுக்கவைக்க, இழை வளைகிறது. நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை வீசி, சளியைத் தொண்டைப் பக்கம் ஏற்றுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். நாக்கில் உள்ள அதே வகைக் கசப்பு உணரிகள் சிலியாவிலும் இருப்பது 2009-இல் தெரியவந்தது. கசப்புப் பொருள் பட்டதும் செல்லுக்குள் கால்சியம் கூடும், வீச்சு வேகமெடுக்கும். மூளைக்குச் சேதி போகவே வேண்டாம்! மூக்கில் சில பாக்டீரியாக்கள் விடும் ரசாயனங்களும் இப்படித் தூண்டுகின்றன.

சிகரெட் புகையோ நாளடைவில் சிலியாவைக் குட்டையாக்கிவிடும். புகைப்பவர்களுக்குச் சளி தேங்கி இருமல் வருவது அதனாலும்தான்.