யாரைக் கேட்டு இந்த விதை? செட்டிநாட்டுக் கேள்விகளும் என் பதில்களும்

பயிர் மரபியல் படித்து, நெல்லிலும் கத்தரியிலும் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு புதுவயலுக்கே திரும்பிவிட்டவள் நான். மரபணு மாற்றுப் பயிர், சோலார் பண்ணை, பேட்டரி ஆகியவற்றை அனுமதிப்பது யார், தடுப்பது யார், நம்மிடம் கேட்க வேண்டுமா என்றெல்லாம் ஒரு வாரமாகக் கேள்விகள் வந்தன. பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கல்லல், விவசாயி: அம்மா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மரபணு மாற்றுப் பயிர் நல்லதா, கெட்டதா?

அண்ணே, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துக் கேட்டால் பதில் கிடையாது. பயிருக்குப் பயிர் பதில் மாறும். எனக்கு நன்றாகத் தெரிந்த கத்தரியைச் சொல்கிறேன்.

கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்காக நாம் எத்தனை முறை மருந்தடிக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும். காய் பறிக்கிற வாரத்தில்கூட அடிக்கிறார்கள். அந்தப் புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்துச் செய்ததுதான் பி.டி. கத்தரி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் கோ 2, மதுரை 1, பாளூர் 1 போன்ற நம் ரகங்களில் அதைக் கொண்டுவந்தது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு சம்மதம் தந்தது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் உடனே கையெழுத்துப் போடவில்லை. ஏழு நகரங்களில் பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். தனிப்பட்ட ஆய்வுகள் இன்னும் நடக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பயிர் வரட்டும் என்று நினைத்தவள் நான். இன்றும் மருந்தடிப்புக்கு அது மேல் என்றே நினைக்கிறேன். ஆனால் மக்களைக் கேட்டது தவறு என்று நினைத்தேனே, அது என் பிழை. தட்டில் வைத்துச் சாப்பிடப்போகிறவர்களைக் கேட்காமல் ஒரு காயைச் சந்தைக்குக் கொண்டுவர எனக்கோ அந்தக் குழுவுக்கோ உரிமை இல்லை. என் குறை வேறு. கேட்ட ஏழு ஊர்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. நம் ரகத்தில் செய்த கத்தரிக்கு நம்மைக் கேட்கவில்லை. நிறுத்திவைத்த பிறகு, கேட்ட ஆய்வுகளைச் செய்துமுடித்து மறுபடி மக்கள் முன்னால் வைத்திருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வேண்டும் என்றும் இல்லாமல், வேண்டாம் என்றும் இல்லாமல் கிடக்கிறது. வங்கதேசம் 2013இல் அனுமதித்து, அடுத்த ஆண்டே விவசாயிகள் கையில் கொடுத்துவிட்டது. நம் ஊரிலோ மருந்தடிப்பு அப்படியே தொடர்கிறது.

பருத்தியில் கதை வேறு. 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் வணிகத்துக்காகப் பயிரிட இதுவரை அனுமதி பெற்று வயலுக்கு வந்திருக்கும் மரபணு மாற்றுப் பயிர் அது ஒன்றுதான். முதலில் காய்ப்புழு குறைந்தது, மருந்துச் செலவும் குறைந்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. ஓரத்தில் சில வரிசை சாதாரணப் பருத்தி போட்டால் புழு பழகுவது தாமதமாகும் என்பது விதி. பையோடு அதற்கான விதையையும் தனியாகக் கொடுத்தார்கள். ஏன் போட வேண்டும் என்று வயலுக்கு வந்து விளக்க ஆள் இல்லை, அதனால் பெரும்பாலோர் போடவில்லை. அனுமதி கொடுப்பதோடு அரசின் வேலை முடிந்துவிட்டதாக நினைத்ததன் விளைவு இது.

கானாடுகாத்தான், ஆச்சி ஒருவர்: நாம் இதையெல்லாம் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோமா?

ஆமாம் ஆச்சி. பருத்திக்கொட்டை எண்ணெய் பி.டி. பருத்தியிலிருந்தே வருகிறது. அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து இறக்குமதியாகும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் அப்படித்தான். எண்ணெயாகச் சுத்திகரித்தபின் அதில் மரபணுவோ புரதமோ ஏறக்குறைய மிஞ்சாது, அதனால் பயப்பட வேண்டாம். ஆனாலும் புட்டியில் எழுதியிருக்க வேண்டும். தெரிந்து வாங்குவது உங்கள் உரிமை.

நீங்கள் சர்க்கரைக்குப் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் உயிரித் தொழில்நுட்பத்தில் வந்ததுதான். மனித இன்சுலின் மரபணுவை நுண்ணுயிரில் வைத்துத் தயாரித்த மருந்துக்கு அமெரிக்கா 1982இல் அனுமதி கொடுத்தது. அதற்கு முன்பு மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தார்கள்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: மரபணு மாற்றம் வேறு, மரபணுத் திருத்தம் வேறு என்கிறார்கள். திருத்திய நெல்லுக்கு மட்டும் ஏன் அவ்வளவு சோதனை இல்லை?

நல்ல கேள்வி அம்மா. மாற்றம் என்றால் வேறோர் உயிரின் மரபணுவைக் கொண்டுவந்து சேர்ப்பது. திருத்தம் என்றால் அந்தப் பயிரிலேயே இருக்கும் மரபணுவில் சில எழுத்துகளை வெட்டி மாற்றுவது. கிரிஸ்பர் என்ற கருவி அதற்குத்தான். 2012இல் அதை வெளியிட்ட எம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் 2020இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. வெளி மரபணு கடைசிவரை தங்காத திருத்தங்களுக்கு மரபணு மாற்று உயிர்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான படிகள் சில வேண்டாம் என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு விலக்குக் கொடுத்தது. அந்த வழியில் 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. சம்பா மசூரியிலிருந்து வந்த கமலா ஒன்று, எம்.டி.யு. 1010இலிருந்து வந்த பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 மற்றொன்று.

அறிவியலாக எனக்கு இதில் பெரிய தயக்கம் இல்லை. இயற்கையிலும் இத்தகைய எழுத்துப்பிழைகள் நிகழ்கின்றன. கதிர்வீச்சு கொடுத்து உண்டாக்கிய ரகங்களை எத்தனையோ ஆண்டுகளாகச் சாப்பிடுகிறோம். தயக்கம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. விலக்கு கொடுத்தபோது அதைப் பற்றி ஊருக்குள் பேச்சே எழவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் இதே திருத்தப் பயிர்களும் மரபணு மாற்றுப் பயிர்களே என்று தீர்ப்பளித்தது, அதன் பிறகு அங்கே ஊரெல்லாம் விவாதம். அடுத்தது, கிரிஸ்பர் கருவியின் அடிப்படைக் காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருக்கின்றன. நம் வரிப்பணத்தில் செய்த நெல்லை விவசாயி எடுத்துவைத்து மறுபடி விதைக்கலாமா, விற்கலாமா என்பதை அரசு எழுத்தில், தமிழில் சொல்ல வேண்டும்.

தேவகோட்டை: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கருப்புக் கவுனி போடுகிறோம். ஆராய்ச்சிக்கு என்று ஒருவர் வந்து இரண்டு படி விதைநெல் கேட்கிறார். கொடுக்கலாமா?

இந்த வாரம் வந்தவற்றில் என்னை உட்காரவைத்த கேள்வி இதுதான். கல்யாணப் பந்தியில் இனிப்பாக வரும் அந்தக் கவுனி அரிசிக்குப் பின்னால் உங்கள் பாட்டிமார் செய்த தேர்வு இருக்கிறது. எந்தக் கதிர் நன்றாக இருந்ததோ அதை மட்டும் ஒதுக்கி, விதைக்கோட்டை கட்டி வைத்து, அடுத்த ஆண்டுக்குக் கொடுத்தார்கள். நான் ஆராய்ச்சி நிலையத்தில் செய்ததும் அதே வேலைதான். எனக்குச் சம்பளம் கிடைத்தது, அவர்களுக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை.

கொடுப்பது பாவம் இல்லை. வேளாண் பல்கலைக்கழகம் கவுனியிலிருந்து வழக்கமான கலப்பு முறையில் கோ 57 என்ற ரகத்தைக் கொண்டுவந்தது, அது நல்ல வேலை. ஆனால் வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள். வருகிறவர் எந்த நிறுவனம், எதற்காக, முடிவு யாருக்குச் சொந்தம் என்று காகிதத்தில் வாங்குங்கள்.

உங்கள் பக்கம் இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001. இதன்படி உங்கள் பாரம்பரிய ரகத்தை உழவர் ரகமாகப் பதிவு செய்யலாம். ஒரு நிறுவனம் தன் பெயரில் காப்புப் பெற்ற ரகமாக இருந்தாலும் அதன் விதையை எடுத்துவைக்கவும், விதைக்கவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. காப்புப் பெற்ற ரகம் என்று பெயர் போட்ட பையில் மட்டும் விற்கக்கூடாது. 2019இல் பெப்சிகோ நிறுவனம் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள்மேல் வழக்குப் போட்டபோது இந்த உரிமையைக் காட்டித்தான் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. மற்றொன்று உயிரியல் பன்மயச் சட்டம், 2002. வெளிநாட்டு நிறுவனம் என்றால் சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் உங்கள் விதையை ஆய்வுக்கு எடுக்க முடியாது. வணிகப் பயனில் ஊருக்கும் பங்கு உண்டு. 2023இல் வந்த திருத்தம் சில பிரிவினருக்கு இதைத் தளர்த்திவிட்டது, எனக்கு அது பிடிக்கவில்லை.

வேம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெய் கொண்டு பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையை 2000இல் ரத்து செய்தார்கள். மேல்முறையீடு முடிய 2005 ஆயிற்று. இது நமக்கு ஏற்கெனவே தெரிந்தது என்று நிரூபிக்க அத்தனை ஆண்டுகள். நம்மிடம் எழுத்தில் இருந்திருந்தால் அவ்வளவு அலைய வேண்டியிருக்காது.

காளையார்கோவில், ஆசிரியர்: அறிவியல் விஷயத்தைக் கிராம சபையும் வாக்குச்சீட்டும் முடிவு செய்தால் நாடு பின்னால் போய்விடாதா?

ஐயா, புரதம் நஞ்சா இல்லையா என்பதை வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நட்டம் வந்தால் யார் தாங்குவது, லாபம் யாருக்குப் போவது, எவ்வளவு ஐயம் இருந்தால் காத்திருப்பது என்பவற்றை ஆய்வகத்தில் அளக்க முடியாது. அவற்றுக்கு மக்கள்தான் வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் 2005இல் மரபணு மாற்றுப் பயிர்களை ஐந்தாண்டு நிறுத்திவைக்க மக்களே வாக்களித்தார்கள். நாடாளுமன்றம் அதை நீட்டித்துக்கொண்டே வருகிறது. அந்த நாட்டில் உயிரியல் ஆராய்ச்சி அழிந்துவிடவில்லை. நார்வேயின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்போடு நிற்காமல், சமூகத்துக்குப் பயன் உண்டா, அறத்துக்குப் பொருந்துமா என்றும் பார்க்கச் சொல்கிறது. டென்மார்க்கில் 1987இலிருந்து சாதாரணக் குடிமக்கள் சிலரை உட்காரவைத்து, வல்லுநர்களை அவர்கள் குறுக்கு விசாரணை செய்து அறிக்கை எழுதும் முறையை நடத்தினார்கள். முதல் தலைப்பே மரபணுத் தொழில்நுட்பம்தான். நம்மிடமும் இதற்கு வேர் உண்டு. பாலாற்றைத் தோல் ஆலைகள் கெடுத்த வழக்கில், கேடு முழுவதும் நிரூபணமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. வழக்கைக் கொண்டுபோனது வேலூர்க் குடிமக்கள் அமைப்பு.

மரபணு மாற்றுக் கடுகைப் பாருங்கள். அதற்குக் கொடுத்த அனுமதியை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். மாநிலங்களையும் விவசாயிகளையும் கலந்து ஒரு தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

பெயரும் ஊரும் சொல்லாதவர்: கம்பெனிக்காரன் காசு கொடுத்தால் நீங்கள் எல்லாம் நல்லது என்றுதானே எழுதுவீர்கள்?

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கோபம். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு விதை நிறுவனத்தின் ரகத்தை எங்கள் நிலத்தில் போட்டுப் பார்த்தோம். மழை தவறிய ஆண்டில் விளைச்சல் விழுந்தது. அறிக்கையில் அந்த ஆண்டைச் சேர்க்க வேண்டாம் என்று மேலிருந்து சொன்னார்கள். நான் சேர்த்தே கொடுத்தேன். வெளியே போன அறிக்கையில் அது இல்லை. வானம் பார்த்த பூமியில் மழை தவறிய ஆண்டுதான் முக்கியமான ஆண்டு. அன்றே ஊரறியச் சொல்லாமல் இருந்துவிட்டேன், அது இன்றும் உறுத்துகிறது.

அதனால்தான் தரவு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்கிறேன். கடுகுக்கு 2016இல் சுருக்கத்தை மட்டும் இணையத்தில் போட்டுவிட்டு, முழுக் கோப்பைப் பார்க்க டெல்லி அமைச்சக அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். இளையான்குடி விவசாயி எந்த ரயிலில் போய் எந்த மொழியில் படிப்பார்?

மானாமதுரை: சோலார் கம்பெனி குத்தகைக்கு நிலம் கேட்கிறது. பசுமை மின்சாரம் என்றால் நல்லதுதானே?

மின்சாரம் நல்லது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது அதன் பரப்பு ஏறக்குறைய 2,500 ஏக்கர். அவ்வளவு நிலம் வேறு கைக்குப் போகும்போது ஆடு மேய்த்தவரும், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டவரும் எங்கே போவார்கள் என்று பத்திரத்தில் எழுதுவதில்லை, ஏனென்றால் அவர்கள் பெயரில் பட்டா இல்லை. சூரிய மின் திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் முன் அனுமதி தேவையில்லை. அதனால் அந்த வழியில் நடக்கும் பொது விசாரணையும் இல்லை. இது மாற வேண்டும். குத்தகை ஆண்டு, கண்மாய்க்கு வரும் வரத்துக்கால், முடிந்தபின் தகடுகளை யார் எடுத்துச் செல்வது, இம்மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

காரைக்குடி: நம் ஊர் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும்போது பேட்டரித் தொழில் இங்கே வராதா?

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. பேட்டரி ஆராய்ச்சியில் அதன் பெயர் பெரியது. பேட்டரியின் எதிர்மின் முனைக்கு வேண்டிய கிராஃபைட்டும் சிவகங்கைப் பக்கத்து மண்ணில் இருக்கிறது. தொழில் வரட்டும். சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் நிலத்தடி நீரை யார் அளக்கிறார்கள், அந்த எண் ஊராட்சிப் பலகையில் வருகிறதா என்று முதல் நாளிலிருந்தே கேளுங்கள்.

திருப்பத்தூர்ப் பக்கம், ஊராட்சி உறுப்பினர்: சரி அம்மா, நான் நாளைக்கே செய்யக்கூடியது என்ன?

தம்பி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் உயிரியல் பன்மய மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் பயிர் ரகங்களையும் உயிரினங்களையும் குறித்துவைக்கும் மக்கள் பன்மயப் பதிவேடு எழுதியிருக்க வேண்டும். பல ஊர்களில் அது அலமாரியில் இருக்கிறது, உள்ளே பார்த்தால் பக்கத்து ஊர்ப் பட்டியலையே எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் அந்தப் பதிவேட்டை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கவுனி யார் வீட்டில் இருக்கிறது, எத்தனை தலைமுறையாக, எந்தக் கண்மாய்ப் பாசனத்தில் என்று வயதான பெண்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் பெயரோடு எழுதுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றால் ஒரு சனிக்கிழமை வாருங்கள், நான் உடன் உட்காருகிறேன்.