காய்கறி நூடுல்ஸில் தண்ணீர் ஏன் தேங்குகிறது?

கேள்வி: மாவுச்சத்தைக் குறைக்கலாம் என்று ராத்திரிக்குச் சுக்கினியை (வெள்ளரிக்காய் போலிருக்கும் காய்) நூடுல்ஸ் மாதிரி சீவி, சிக்கனோடு வதக்கினேன். தட்டில் போட்டதும் அடியில் தண்ணீர் குளம் கட்டிவிட்டது. எங்கே தப்பு?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சுக்கினியில் 100-க்கு சுமார் 95 பங்கு தண்ணீர்தான். உப்பும் சூடும் பட்டால் அது வெளியே வந்தே தீரும். அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே அதை வடித்துவிட வேண்டும்.

இரண்டு பேருக்கு 400 கிராம் சீவிய காய் போதும். ஒரு டீஸ்பூன் உப்புத்தூளைப் பிசிறி, வடிதட்டில் 20 நிமிடம் வையுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். கையால் மட்டும் பிழிந்தால் பாதித் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும். சரியாகப் பிழிந்த இழை விரலில் சுற்றினால் ஒடியாது, ரப்பர் போல வளையும். அந்தப் பதம்தான் வேண்டும். வடிந்த உப்புத் தண்ணீரை ரசத்தில் ஊற்றிக்கொள்ளலாம். ரசத்துக்கு உப்பை மட்டும் குறையுங்கள்.

அடுத்தது, சிக்கனையும் காயையும் ஒன்றாகப் போடாதீர்கள். சிக்கன் வெந்து தனியே எடுத்த பிறகு, அதே பாத்திரத்தில் காயைப் போட்டு முழுத்தீயில் ஒன்றரை முதல் 2 நிமிடம் புரட்டினால் போதும். மூடி போடவே கூடாது. குழிந்த வாணலியைவிட அகலமான இரும்புத் தோசைக்கல் நல்லது; ஈரம் பரவி உடனே ஆவியாகும். கடைசியில் சிக்கனைச் சேர்த்து ஒரு புரட்டு புரட்டி இறக்குங்கள். காயிலேயே உப்பு ஏறியிருக்கும், ருசி பார்க்காமல் மறுபடி போடாதீர்கள்.

கேள்வி: சுக்கினி விலை அதிகம், எப்போதும் கிடைப்பதுமில்லை. சுரைக்காயில் செய்யலாமா? சீவும் மெஷினும் இல்லை, இடியாப்ப அச்சில் பிழியலாமா?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாகச் செய்யலாம். மாவுச்சத்தில் சுரைக்காயும் சுக்கினியும் ஏறக்குறைய ஒன்றுதான். நகம் பட்டால் இறங்கும் பிஞ்சாக வாங்குங்கள். சீவுவதற்கு முன் ஒரு துண்டு பச்சையாகக் கடித்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

இடியாப்ப அச்சு வேண்டாம், காய் நசுங்கிக் கூழாகும். பல் வைத்த பீலர் ஒன்று போதும். தோலைச் சீவி, நீளவாக்கில் இழுத்து, விதைப்பகுதி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். நடுப்பஞ்சு சேர்ந்தால் எவ்வளவு பிழிந்தாலும் குழையும். அதைக் கூட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பீலரும் இல்லையென்றால் புடலங்காய் எடுங்கள். விரல் நீளத்துக்கு நறுக்கி, பிளந்து, உள்ளிருப்பதை வழித்துவிட்டு மெல்லிசாக அரிந்தால் நன்றாக நிற்கும். பீர்க்கங்காய் சீக்கிரம் குழைந்துவிடும். கேரட் இழை பார்க்க அழகுதான். ஆனால் மாவுச்சத்து சுரைக்காயைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதனால் ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள்.

உங்கள் ஊரில் தாளிப்பு வடகம் இருக்கும்போது சாஸ் எதற்கு? பிரெஞ்சுச் சமையல்காரர்கள் 'வதுவான்' என்று போற்றும் மசாலாவே நம் வடகத்திலிருந்து போனதுதான். 2 டீஸ்பூன் எண்ணெயில் ஒரு டீஸ்பூன் வடகத்தைச் சிறுதீயில் பொரியவிட்டு, 6 பல் பூண்டு, 8 சின்ன வெங்காயம், கறிவேப்பிலை வதக்கி, பிறகு காயைப் போடுங்கள். தீ கூடினால் வடகத்திலுள்ள வெந்தயம் கருகிக் கசந்துவிடும். தக்காளி சாஸில் சர்க்கரை இருப்பதால் இந்தச் சமையலில் அது வேண்டாம்.

கேள்வி: சிக்கன் நார் நாராக வறண்டுபோகிறது. கான்ஃபிளவர் போடாமல் மெத்தென்று வருமா?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நெஞ்சுக்கறியை விட்டு, எலும்பு நீக்கிய தொடைக்கறி 300 கிராம் வாங்குங்கள். கொழுப்பு கொஞ்சம் இருப்பதால் ஒரு நிமிடம் கூடினாலும் தாங்கும். விரல் கனத்துக்கு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். துணியால் ஈரத்தை ஒற்றி, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, ஒரு முட்டையின் வெள்ளைக் கருவில் பாதி சேர்த்துப் பிசிறி 20 நிமிடம் ஊறவிடுங்கள். கான்ஃபிளவர் செய்யும் வேலையை வெள்ளைக் கரு செய்யும். தயிர் வேண்டாம், தண்ணீர் விடும்.

கல் நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளை ஒட்டாமல் பரப்பி, 2 நிமிடம் கிளறாமல் விடுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் கல் ஆறி, கறி வதங்காமல் வெந்துவிடும். இரண்டு ஈடாகப் போடுங்கள். ஈடு ஒன்றுக்கு 5, 6 நிமிடம் ஆகும். தடித்த துண்டைப் பிட்டால் உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்கு ராத்திரி சோற்றுக்குப் பதில் இதைத் தினமும் கொடுக்கலாமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: உணவு நல்லதுதான், ஆனால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால், தூக்கத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். அதை நீங்களாகக் குறைக்கவும் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கறியின் அளவையும் டாக்டரே சொல்லட்டும்.