31 வயதாகிவிட்டது, விவசாயக் குடும்பம். இனிமேல் விமானம் ஓட்டக் கற்கலாமா?

"இந்த வயசுல இது தேவையா?" என்று வீட்டில் யாரோ கேட்டிருப்பார்கள், அந்தக் கடுப்பில் இங்கே வந்திருப்பீர்கள். என் வீட்டிலும் அதே வசனம்தான்.

நான் கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் வேலை பார்க்கிறேன். 34 வயதில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் கற்க ஆரம்பித்தேன். லைசென்ஸ் தேர்வுக்கு இங்கே பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எனக்கு 71 ஆனது. ஒருநாள் பக்கக் காற்றில் தனியாக இறக்கினேன். சக்கரம் ரன்வேயில் பட்டு எம்பியது, மறுபடி பட்டு எம்பியது. மூன்றாவது எம்பலில் என்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே ஏறிவிட்டேன். சுற்றி வந்து ஒருவழியாக இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாத்தியார் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

அன்றிரவுதான் விமானத்தின் பெயருக்குச் சொந்தக்காரரைப் பற்றிப் படித்தேன். கிளைட் செஸ்னா, 1879இல் அயோவாவில் பிறந்து கான்சாஸ் பண்ணையில் வளர்ந்தவர். பண்ணை இயந்திரங்களைப் பழுது பார்த்தார், ஓக்லஹோமாவின் ஈனிடில் கார் விற்றார். 1911இல் ஒரு விமானக் காட்சியைப் பார்த்துவிட்டு, நியூயார்க் போய், பிரெஞ்சு விமானி பிளேரியோவின் விமானம் மாதிரியான ஒற்றை இறக்கை விமானம் ஒன்றை வாங்கிவந்தார். அப்போது அவருக்கும் 31தான்! சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. உப்புச் சமவெளியில் தானாகவே ஓட்டிப் பார்த்து, ஒரு டஜன் தடவை விழுந்து நொறுக்கினார் என்பார்கள். "ஒரு தடவை பறந்துவிட்டு இதைக் கொளுத்திவிடுவேன்" என்று கத்தினாராம். கொளுத்தவில்லை. டிசம்பரில் 5 மைல் பறந்து, கிளம்பிய இடத்திலேயே இறக்கினார்.

1927இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். பொருளாதார மந்தத்தில் அதை மூட வேண்டியதாயிற்று. 1933இல் அவர் கட்டிய பந்தய விமானத்தில் நண்பர் ராய் லிகெட் இறந்ததோடு மனம் விட்டுப்போயிற்று. கம்பெனியை மறுபடி திறந்தது அக்காள் தங்கை வழி மருமகன் டுவேன் வாலஸ். கிளைட் செஸ்னா 1936இல் பண்ணைக்கே திரும்பிவிட்டார். 44,000க்கு மேல் விற்ற 172ஐ அவர் பார்க்கவே இல்லை, 1954இல் போய்விட்டார்.

"அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம்" என்று ஒருவர் வருவார். வரட்டும். பணம் இல்லாமல் நடக்காது என்பது எனக்கும் தெரியும். நானே ஒரு பயிற்சிப் பள்ளியில் 20 மணி நேரத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டி, விமானம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாலு மாதமும் ஈ ஓட்டியவன். மீதியைத் திருப்பிக் கேட்டால் மின்னஞ்சலுக்குப் பதிலே கிடையாது. இன்னும் 600 டாலர் வரவேண்டியிருக்கிறது.

முதலில் மெடிக்கல், அதாவது விமானம் ஓட்ட உடல் தகுதி இருப்பதற்கான மருத்துவச் சான்றிதழ், எடுங்கள். அது கிடைத்த பிறகு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பறந்து முடித்துப் பணம் கொடுங்கள்.