கிளஸ்டர் தலைவலி: ஆக்சிஜனைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 41. பேனல் பீட்டர் கடையில் காருக்குப் பெயின்ட் அடிக்கிறார். பதினான்கு மாதமாக, அநேகமாகத் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு, வலது கண்ணுக்குள் கம்பியை விட்டுக் குடைவதுபோல் வலி வருகிறது. படுக்க முடியாமல் எழுந்து நடக்கிறார், சுவரில் தலையை முட்டிக்கொள்கிறார். அந்தக் கண் மட்டும் சிவந்து தண்ணீர் கொட்டும். மூக்கும் அந்தப் பக்கம்தான் அடைக்கும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் தானாக விட்டுவிடும். சைனஸ் என்றார்கள். அப்புறம் பல்தான் காரணம் என்று இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். கிராண்ட்பா என்ற தலைவலித் தூளை ஒரு நாளைக்கு ஐந்தாறு பொட்டலம் போட்டுக்கொள்கிறார். மாமியார் திருஷ்டி என்று சொல்லித் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருக்கிறார். மாமனார் மாரடைப்பில் போனவர். மூளையில் கட்டியாக இருக்குமோ? இதற்கு மருந்தே கிடையாதா? போன வாரம், "இதுக்குச் செத்துப்போகலாம்" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கடைசியாக எழுதிய வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வலியில் ஏதோ சொல்லிவிட்டார் என்று அதை விட்டுவிடாதீர்கள். இந்த மாதிரி வலியில் வருடக்கணக்கில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணம் நிஜமாகவே வரும். வலி இல்லாத நேரத்தில், பகலில், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் அதிகமாகிவிடாது. பேச ஆள் வேண்டுமென்றால், மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு உதவும் சாடாக் (SADAG) அமைப்பின் இலவச எண் 0800 567 567. உங்களுக்காக நீங்களும் அழைக்கலாம். அவர் ஏதாவது செய்துகொள்வார் என்று தோன்றினால் அந்த நிமிடமே பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

சரி, வலிக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே கிளஸ்டர் தலைவலியின் அடையாளம். ஒரே பக்கம், கண்ணைச் சுற்றி. அதே பக்கத்துக் கண்ணில் நீர், அதே பக்கத்து மூக்கில் அடைப்பு. 15 நிமிடத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை நீடிக்கும். எல்லாவற்றையும்விட, அவரால் படுத்திருக்க முடியவில்லை என்கிறீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுத்துக்கொள்வார். கிளஸ்டர் வந்தவர் நடப்பார், ஆடுவார், தலையை மோதுவார். ராத்திரி ஒரே நேரத்துக்கு வருவதற்கும் காரணம் உண்டு. உடம்பின் தூக்கக் கடிகாரம் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி வலி நேரத்தில் விழித்துக்கொள்வதை 1998-இல் ஸ்கேன் எடுத்தே காட்டினார்கள். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்கள் வந்து, மாதக்கணக்கில் விட்டுவிடும். ஒரு வருடத்துக்கு மேல், நடுவில் மூன்று மாதம்கூடச் சேர்ந்தாற்போல் ஓய்வு தராமல் வந்தால் அது நாள்பட்ட வகை. உங்கள் வீட்டுக்காரருக்கு இதுதான் என்று நினைக்கிறேன். உறுதி செய்ய வேண்டியவர் நரம்பியல் மருத்துவர்.

கட்டி? பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிப் பக்கம் ஏதாவது இருந்தாலும் இதே மாதிரி வலி வரலாம் என்பதால் ஒரு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது முறை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. இந்த வலியை நிறுத்தும் மருந்துகளில் மிகவும் பத்திரமானது சுத்தமான ஆக்சிஜன். பல நோயாளிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை, சொல்ல வேண்டியவர்களும் சொல்வதில்லை. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் ஆக்சிஜன் கொடுத்தபோது நூற்றுக்கு 78 தடவை 15 நிமிடத்தில் வலி அடங்கியது. வெறும் காற்றைக் கொடுத்தபோது 20 தடவைதான். அளவு முக்கியம். மூக்கில் செருகும் குழாயில் இரண்டு, மூன்று லிட்டர் கொடுத்துவிட்டு "ஆக்சிஜன் வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிடுவார்கள். கீழே பை தொங்கும், வெளிக்காற்று கலக்காத முகமூடி வேண்டும். 12 முதல் 15 லிட்டர் வேகத்தில், உட்கார்ந்து சற்றே முன்னால் குனிந்தபடி, கால் மணி நேரம் மூச்சு இழுக்க வேண்டும். வலி தொடங்கிய உடனே ஆரம்பிக்க வேண்டும், முற்றிய பிறகு அல்ல.

வாங்கும்போது சிலிண்டராகத்தான் வாங்க வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், கரன்ட்டில் ஓடும் கான்சென்ட்ரேட்டர் இந்த வேகத்தைத் தராது. லோட் ஷெடிங் என்று மின்வெட்டு வந்தால் அதுவும் நின்றுவிடும். 15 லிட்டர் வீதம் 15 நிமிடத்துக்கு 225 லிட்டர் செலவாகும். 2,000 லிட்டர் சிலிண்டர் என்றால் எட்டு, ஒன்பது தடவைக்கு வரும். தினமும் வலி வருகிறவருக்கு எத்தனை சிலிண்டர் என்பதை இதை வைத்தே மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

நம் வீடுகளுக்கென்றே இன்னொன்று. சிலிண்டர் இருக்கும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் கூடாது. சாமி அலமாரி படுக்கையறையில் இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். முகமூடியைக் கழற்றிய கையோடு சிகரெட் பற்றவைக்கவே கூடாது. துணியிலும் தலைமுடியிலும் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

இன்னொரு வழி, தோலுக்கடியில் போடும் 6 மில்லிகிராம் சுமாட்ரிப்டான் ஊசி. பத்து, பதினைந்து நிமிடத்தில் கேட்கும். 24 மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது. மாத்திரையாகப் போட்டால் அது வேலை செய்வதற்குள் வலியே போய்விடும். ஆனால் இதய ரத்தக்குழாய் நோய் இருப்பவர்களுக்கும், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கும் இந்த ஊசி ஆகாது. அவருடைய அப்பா மாரடைப்பில் போனவர் என்பதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இவை வந்த வலியை நிறுத்துபவை. வராமல் தடுக்க வெராபமில் மாத்திரை உண்டு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பதுதான், ஆனால் இதற்கு அளவு அதிகம்; கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். தொடங்கும் முன்பும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு தடவையும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். எடுக்காமல் கூட்டினால் நீங்களே கேளுங்கள். அது வேலை செய்ய இரண்டு வாரமாவது பிடிக்கும் என்பதால் இடைக்காலத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ பிடரி நரம்பில் ஓர் ஊசியோ கொடுப்பார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும், நம்மவர்களுக்கு இங்கே சர்க்கரை நோய் அதிகம், ஆகவே முதலிலேயே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். வெராபமில் போதவில்லை என்றால் லித்தியம் இருக்கிறது. அதற்கு ரத்தப் பரிசோதனை விடாமல் வேண்டும். இந்த நோயை அடியோடு அழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் தினமும் வருவதை எப்போதாவது வருவதாக்கலாம், ஒரு மணி நேர வலியைக் கால் மணியில் நிறுத்தலாம்.

கிராண்ட்பா தூளை விடச் சொல்லுங்கள். அதில் இருப்பது ஆஸ்பிரின், பாராசிட்டமால், காபின். தினம் ஐந்தாறு பொட்டலம் வயிற்றைப் புண்ணாக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், தானே ஒரு தலைவலியையும் உண்டாக்கும். கிளஸ்டர் வலியை மட்டும் அது தொடாது.

எங்கே போவது? ஆர்.கே. கான் மருத்துவமனையில் காட்டி, நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நரம்பியல் பிரிவு இருக்கும் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்கு நேராகப் போக முடியாது. பரிந்துரை இருந்தால்தான் பார்ப்பார்கள். போகும் முன் ஒரு நோட்டில் வலி வந்த நாள், நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, என்ன மருந்து போட்டார் என்று எழுதுங்கள். அவர் சம்மதித்தால், வலி நேரத்தில் ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். சிவந்த கண்ணையும் அந்தத் தவிப்பையும் மருத்துவர் நேரில் பார்த்தால், மறுபடி சைனஸ் என்று சொல்வது கடினம். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இருந்தால் ஒரு சிக்கல்: சட்டப்படி கட்டாயம் செலவை ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் கால்-கை வலிப்பு இருக்கிறது, இது இல்லை. ஆகவே நரம்பியல் மருத்துவரின் கடிதத்தோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு தடவை மறுத்தார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். பெயின்ட், தின்னர் வாசனை பலருக்கு இந்த வலியைக் கிளப்பிவிடும். வலி வந்த நாட்களில் ஸ்ப்ரே வேலை இருந்ததா என்று அதே நோட்டில் குறியுங்கள். ஒத்துப்போனால், மருத்துவர் கடிதத்தோடு முதலாளியிடம் வேறு வேலை கேட்கலாம். பகல் தூக்கமும் சிலருக்கு ஆகாது. மது கூடவே கூடாது. ஒரே ஒரு பியர்கூட ஒரு மணி நேரத்துக்குள் வலியைக் கொண்டுவந்துவிடும்.

காவடி விஷயத்தில் மாமியாரோடு சண்டை வேண்டாம். மகன் துடிப்பதைப் பார்க்கும் தாய் வேறு என்ன செய்வார்? நேர்ந்தது நேர்ந்ததாகவே இருக்கட்டும், மருந்தும் நடக்கட்டும். விரத நாட்களில் மதுவும் சிகரெட்டும் இல்லாமல் இருப்பது அவருக்கு நல்லதுதான். ஆனால் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. தைப்பூசம் டர்பனில் நல்ல வெயில் காலம், சூடும் சிலருக்கு வலியைத் தூண்டும். மருத்துவர் ஊசி எழுதித் தந்திருந்தால் அது உங்கள் பையில் இருக்கட்டும். அதற்குள் வலி கட்டுக்குள் வரவில்லை என்றால், இந்த வருடம் பால்குடம் போதும், காவடி அடுத்த வருடம் என்று மாமியாரிடமே சொல்லிக் கேளுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.